மசாலா பாக்கெட்டும் ஒரு சாட்சியும்

மனையியல் டீச்சர் வீட்டுப் பிள்ளை நூடுல்ஸைத் தவிர வேறு எதையும் தொடாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பாளையங்கோட்டையில் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் விட்டு வரும்போது வழிமறித்து விசாரிக்கவும் செய்தார்கள்.

சாலோமி டீச்சர் பதினோரு வருஷமாகப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் மனையியல் நடத்துகிறவள். கரும்பலகையில் பெரிய தட்டு ஒன்றை வரைந்து, அதை நாலாகப் பிரித்து, இங்கே கீரை, இங்கே பருப்பு, இங்கே முட்டை என்று கலர் சாக்பீஸால் நிரப்புவாள். அவள் வரைந்த தட்டைப் பார்த்தால் வரைந்த தட்டுக்கே பசி எடுக்கும். மணி அடித்து வீட்டுக்கு வந்தால் நிஜத் தட்டின் முன்னால் அவளுடைய ஒரே மகள் ஜெமிமா, பத்து வயது, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர்களுக்கு ஆண்டவர் வீட்டுக்குள்ளேயே பரீட்சை வைத்துவிடுகிறார்.

சோறு வேண்டாம். இட்லி வேண்டாம். உளுந்தஞ்சோறு வைத்து எள்ளுத் துவையல் அரைத்தால், "கருப்பா இருக்கு." தேங்காய்ப்பால் சொதி வைத்தால், "வெள்ளையா இருக்கு." முருங்கைக்கீரையைச் சொல்லவே வேண்டாம், அடுப்பில் அது வேகும்போதே ஜெமிமா மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள்.

இந்த நூடுல்ஸை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஹெப்ரான், சாலோமியின் கணவர். தொலைபேசி நிலையத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாலோமி பரீட்சைப் பேப்பர் திருத்த நாகர்கோவிலுக்குப் போயிருந்த நாலு நாளில், வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்பங்கரையில் வேறொன்றும் அறியாத அந்த மனுஷர் டிவி விளம்பரத்தை நம்பி எட்டுப் பாக்கெட் வாங்கிவந்தார். அப்பனும் மகளும் அதை வைத்தே நாளை ஓட்டினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். சாலோமி திரும்பி வந்தபோது பிள்ளையின் நாக்கு வேறு கட்சிக்குப் போயிருந்தது.

"ரெண்டே நிமிஷம்னுதானளா சொன்னான்," என்பார் ஹெப்ரான் பரிதாபமாக.

"ரெண்டு நிமிஷம்னு சொன்னான், ரெண்டு வருஷமாச்சு! நீங்க வாங்கிட்டு வந்திய, நான்லா கெடந்து சாவுதேன்," என்று சாலோமி கத்தாத வாரம் கிடையாது.

கத்தலோடு போயிருந்தால் பரவாயில்லை. 1996 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், ஜெமிமா மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹைகிரவுண்ட் ரோட்டில் இருக்கும் லேடி டாக்டர் பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ரத்தத்தைச் சோதித்தால் ஏழு புள்ளி நாலு. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

டானிக் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். மாத்திரை கொடுத்தார்கள், கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து ஜன்னல் வழியே துப்பினாள். பூச்சி மாத்திரை ஒன்றை மட்டும் டாக்டரே முன்னால் நின்று விழுங்கவைத்தார். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"மூணு மாசம் பாப்போம். ஏழுக்குக் கீழ எறங்கிச்சுன்னா ரத்தம் ஏத்துறதத் தவிர வேற வழியில்ல. அவ எதத் திங்காளோ அதுலயே கீரையும் பருப்பும் போகணும். நீங்க மனையியல் டீச்சர்லா, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று குத்தியது. வெளியே வராந்தா பெஞ்சில் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு சாலோமி கண்ணை மூடினாள். ஆண்டவரே, எம் பிள்ளைக்கு ரத்தம் பத்துக்கு மேல வந்துட்டுன்னா, பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லார் முன்னாலயும் எழுந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லுதேன். அது பொருத்தனை. அந்தச் சபையில் பொருத்தனை பண்ணிவிட்டால் பண்ணியதுதான். கேட்டது கிடைத்தபிறகு எழுந்து நின்று நாலு பேர் அறியச் சொல்லாமல் இருப்பது ஆண்டவருக்குச் சேர வேண்டியதை மடியில் மறைத்து வைத்துக்கொள்வதற்குச் சமம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போர் தொடங்கியது. முதல் நாள் காரட்டையும் பீன்ஸையும் கடுகளவுக்கு நறுக்கி நூடுல்ஸில் கலந்தாள். ஜெமிமா ஒரு மணி நேரம் உட்கார்ந்து தின்றாள். தின்று முடித்துப் பார்த்தால் தட்டின் ஓரத்தில் காரட் ஒரு குவியல், பீன்ஸ் ஒரு குவியல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட உணவு வகைகளை இவ்வளவு சுத்தமாகப் பிரித்து எழுதியதில்லை. மறுநாள் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினாள். தட்டு அப்படியே திரும்பி வந்தது. அடுத்த நாள் முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீரை வடிகட்டி அதில் நூடுல்ஸைப் போட்டாள்.

"ஏம்மா பாசி புடிச்சிருக்கு?" என்று கேட்டாள் ஜெமிமா.

"பாசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பேசாமத் தின்னுட்டி."

"குறுக்குத்துறை படித்துறையில இப்படித்தான் இருக்கும். வழுக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னது சாலோமிக்காகத்தான் சொன்னது போலிருந்தது. ஒரு பிடி கீரையையே மறைக்க முடியவில்லையே! வகுப்பில் தட்டை வரையும்போது இப்போதெல்லாம் அவளுக்குச் சாக்பீஸைத் தூக்கி எறியத் தோன்றியது. யாருடைய பிள்ளைக்காக இதையெல்லாம் வரைந்துகொண்டிருக்கிறாள்?

அதோடு அடுத்தநாளே ஜெமிமா ஒரு சட்டம் போட்டாள். அம்மா வெந்நீர் வைக்கலாம், நூடுல்ஸை வேகவைக்கலாம். பாக்கெட்டைப் பிரிப்பதும், உள்ளே இருக்கிற சின்ன மசாலா பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுவதும் ஜெமிமாதான். சட்டிப் பக்கம் ஒரு ஸ்பூன் நகர்ந்தாலும் எழுந்து போய்விடுவாள்.

அந்த மசாலா பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு சாயங்காலம்தான் சாலோமிக்குப் புத்தி வேலை செய்தது. பிள்ளை நம்பிக் கொட்டுகிற சாமான் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

முருங்கைக்கீரையை நிழலில் காயப்போட்டாள். பச்சை நிறம் போகும்வரை வெறும் சட்டியில் வறுத்தாள். பொரிகடலை, எள், கொஞ்சம் மல்லிப்பொடி, மஞ்சள் எல்லாம் சேர்த்து மிக்ஸியில் அடித்து வெள்ளைத் துணியில் சலித்தாள். சனிக்கிழமை மத்தியானம் ஜெமிமா கோயிலில் சிறுவர் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போன பிறகு அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நூடுல்ஸ் பாக்கெட்டின் முதுகு ஒட்டைப் பைய நீவிப் பிரித்து, மசாலா பாக்கெட்டை வெளியே எடுத்து, அதன் ஒரு ஓரத்தை நறுக்கி, பாதி மசாலாவைத் தட்டிவிட்டு அந்த இடத்தில் தன் பொடியை நிரப்பினாள். பிறகு மெழுகுவத்தி. கடலை வறுத்து விற்கிறவர்கள் பொட்டலம் ஒட்டுகிறார்களே, அந்த வித்தை: பாக்கெட்டின் வாயை ரம்பத்து பிளேடு மேல் மடித்துப் பிடித்து, சுடர் ஓரமாக ஒரே இழுப்பு. முதல் நாலு பாக்கெட் கருகியது. விரல் இரண்டு கொப்பளித்தது. ஐந்தாவது பாக்கெட் கடையில் வாங்கியது மாதிரியே ஒட்டிக்கொண்டது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவளே வாய்விட்டுச் சிரித்தாள். அதை உள்ளே வைத்து வெளிப் பாக்கெட்டின் முதுகையும் அப்படியே ஒட்டினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஜெமிமா தன் கையாலேயே பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டினாள். ஒரு வாய் தின்றாள். சாலோமி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"என்னட்டி?"

"இன்னைக்கு நல்லாருக்கு," என்றாள் ஜெமிமா.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சனிக்கிழமை தோறும் பதினாலு பாக்கெட். ஹெப்ரானுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் பாதி பெருமையும் பாதி பயமுமாகக் கதவுக்கு வெளியே காவல் இருப்பார். செப்டம்பரில் ரத்தம் பார்த்தார்கள். பத்து புள்ளி இரண்டு. டாக்டர், "பூச்சி மாத்திரையும் கேட்டிருக்கு, கீரையும் கேட்டிருக்கு, விட்டுராதிய," என்றார். சாலோமி அங்கேயே கண்ணீர் விட்டாள். ஜெமிமாவின் கன்னத்தில் ரோஸ் நிறம் வந்திருந்ததை முன்பே பார்த்திருந்தும், அந்தக் காகிதத்தில் பார்த்தபிறகுதான் அவள் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமாதானபுரத்தில் சபைக்காரர் நேசையா வீட்டில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பொருத்தனையைத் தீர்க்கப் புறப்பட்டவளை ஹெப்ரான் வாசலில் நிறுத்தினார்.

"சாலோமி, சாட்சி சொல்லு. சமையல் குறிப்பு சொல்லாத."

"எனக்குத் தெரியாதா? போங்க."

பாயை விரித்து இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஐயரம்மா. சபைப் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். சாலோமி எழுந்து நின்று, ஏழு புள்ளி நாலு எப்படிப் பத்து புள்ளி இரண்டு ஆனது என்று சொல்லி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். எல்லோரும் கூடச் சொன்னார்கள். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் முழங்காலை மடக்கினாள்.

"கீரையே ஆவாத பிள்ளய எப்படி டீச்சர் திங்க வச்சிய?" என்று கேட்டுவிட்டாள் நேசையா சம்சாரம்.

மடங்கின முழங்கால் நிமிர்ந்தது. பதினோரு வருஷத்து டீச்சர் உள்ளே விழித்துக்கொண்டாள். நிழலில் காயப்போடுவதிலிருந்து தொடங்கி, ரம்பத்து பிளேடை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது வரை கையால் காற்றில் வரைந்து காட்டினாள். ஒருத்தி பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டாள். "எம்மா, டீச்சர் மூளையப் பாரேன்!" என்றார்கள். இரண்டு வருஷமாக வழிமறித்து இரக்கப்பட்டவர்கள் எல்லோரும் இப்போது அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு நினைப்பு வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் சாலோமியும் ஜெமிமாவும் ஹெப்ரானுக்காக நின்றார்கள். சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற பியூலா டீச்சர் வந்து ஜெமிமாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"எப்படி இருந்த பிள்ள! பாத்தியாட்டி, மசாலா பாக்கெட்டுக்குள்ள ஆண்டவர் எப்படி முருங்கைக்கீரைய வச்சு அனுப்பியிருக்காரு!"

சாலோமி கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், இருமினாள். பியூலா டீச்சருக்கு எதுவும் விளங்கவில்லை. "நீ பாட்டு கத்துக்க வந்திருக்கையில அம்மா மெழுகுவத்தியக் கொளுத்தி வச்சிட்டு என்ன பாடு பட்டிருக்கா தெரியுமா?" என்று மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். ஜெமிமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கையை அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

அன்று ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டாள். உள்ளதும் போச்சு. சோறு, இட்லியோடு நூடுல்ஸும் இப்போது ஆகாத சாமான் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தோல் உரிக்கிற சாமானை மட்டும் தின்பாள்: வாழைப்பழம், ஆரஞ்சு, அவித்த கடலை. அம்மா கை உள்ளே போக வழியில்லாத சாமான். அதிலும் வாழைப்பழத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் உரிப்பாள். பால் வேண்டாம். தண்ணீரைக்கூடத் தானே குழாயில் பிடித்துக் குடித்தாள்.

சாலோமி கெஞ்சினாள். புது டம்ளர் வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெப்ரான் கடைக்குப் பிள்ளையையே கூட்டிப்போய் அவள் கையாலேயே பாக்கெட் எடுக்கவைத்தார். கொண்டுவந்ததைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடக்காரர்ட்டயும் சொல்லி வச்சிருப்பா," என்றாள் ஜெமிமா. நாலாவது வாரம் பள்ளிக்கூட அசெம்பிளியில் மயங்கி விழுந்தாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எட்டு புள்ளி ஒன்று.

"நல்லா ஏறிட்டு வந்துச்சே, என்ன செஞ்சிய?" என்று கேட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பாக்கெட்டைப் பிள்ளையின் கண் முன்னாலேயே பிரித்து, வேகவைத்து, தட்டில் போட்டாள்.

"இன்னா பாரு. ஒண்ணுமே போடல. நீ பாத்துக்கிட்டேதான இருந்த? தின்னு."

"ஒட்டியிருப்ப."

"பிளேடத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேம்ட்டி!"

"வேற வாங்கியிருப்ப."

சாலோமிக்குக் கை நீண்டுவிட்டது. பிள்ளையின் முதுகில் பட்டென்று விழுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பத்து வருஷத்தில் முதல் அடி. ரத்தமில்லாத பிள்ளையை அடித்துவிட்டோமே என்று கையை இழுத்துக்கொண்டாள். இழுத்த அதே வேகத்தில் கோபமும் ஏறியது. இந்தப் பிள்ளைக்காக விரலைச் சுட்டுக்கொண்டவள் யார்? வராந்தா பெஞ்சில் மன்றாடியவள் யார்? ஏதோ விஷத்தை வைத்த மாதிரியல்லவா பார்க்கிறாள்!

ஜெமிமா அழவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஐயரம்மாட்ட சொன்ன. பியூலா டீச்சர்ட்ட சொன்ன. நேசையா மாமா வீட்ல எல்லார்ட்டயும் சொன்ன. அப்பாவுக்கும் தெரியும். எங்கிட்ட மட்டும் சொல்லல."

"சொன்னா தின்னுருப்பியாட்டி நீ?"

"மாட்டேன்."

"அப்பொறம்?"

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன்லா."

ஜெமிமா இன்னும் முடிக்கவில்லை.

"அங்கன போயி திரும்பச் சொல்லு. ஆண்டவர் செய்யல, நாந்தான் எம் பிள்ளைய ஏமாத்துனேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு."

சாலோமி விடுவிடென்று முற்றத்துக்குப் போனாள். ஹெப்ரான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியளா ஒங்க மக பேசுதத? நான் திருடுனேனா? கொள்ளையடிச்சேனா? எந்தத் தாயாவது பிள்ளைக்கு மருந்தத் தேனுல கொழச்சுக் குடுக்காம இருந்திருக்காளா? அதுக்குச் சபையில எழுந்திரிச்சு நின்னு நான் ஏமாத்துக்காரின்னு சொல்லணுமாம்! பொடிசுக்குப் பயந்து நான் அதச் செய்யணுமா?"

ஹெப்ரான் துணியை உதறினார். "சத்தமாச் சொன்னத சத்தமாத்தான திருப்பி வாங்கணும்," என்றார்.

"நீங்க ஒண்ணு!" என்று அவரையும் வைதுவிட்டு உள்ளே போனாள். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பாடம் நடத்தும்போது சாக்பீஸ் தட்டில் பாதியிலேயே நின்றது. மாட்டேன் என்று சொல்லியிருப்பேன் என்றாளே. சொல்லட்டும் என்று விட்டிருந்தால் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றியிருப்பார்கள். சொல்லவிடாமல் செய்ததால் இப்போதும் அங்கேதான் வந்து நிற்கிறது. இதில் எந்த வழி சரி என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஆண்டவர் மேல் பட்டாள், அது ஒரு நாள்தான் தாங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் ஐயரம்மா வீட்டிலேயே. ஜெமிமா கூடவே வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். ஜெபக் குறிப்புகள் முடிந்ததும் சாலோமி எழுந்தாள். போன தடவை நின்ற அதே ஆள்தான். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டாள்.

"போன மாசம் நான் ஒரு சாட்சி சொன்னேன். அதுல பாதிதான் உண்மை. பிள்ளைக்கு ரத்தம் கூடுனது உண்மை. அத எப்படிச் செஞ்சேங்கிறத ஒங்க எல்லார்ட்டயும் பெருமையாச் சொன்னேன். எம் மகட்ட சொல்லல. மூணு மாசம் அவள ஏமாத்துனேன். அத ஆண்டவர் தலையில போட்டேன். அவ கண்டுபிடிச்சிட்டா. இப்ப பிள்ள பச்சத் தண்ணியக்கூட என் கையால வாங்க மாட்டுக்கா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான்."

இந்தச் சபையில் சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், சாட்சியைத் திருப்பி வாங்கி யாரும் கேட்டதில்லை. இதற்கு ஸ்தோத்திரம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐயரம்மா அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நானும் ஒண்ணு சொல்லிருதேன்," என்று மெல்லிசாக ஒரு குரல். நேசையா சம்சாரம். "எங்க வீட்ல அவாளுக்குச் சக்கர வியாதி. காபியில சீனிய ஒரு பொட்டுதான் போடுதேன். ஸ்பூன வச்சு ரொம்ப நேரம் கலக்குவேன். சத்தத்தக் கேட்டு இனிக்குன்னு குடிச்சிருதாவ. மூணு வருஷமாச்சு."

யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. "இது ஜெபக்கூட்டம்மா," என்று ஐயரம்மா அதட்டிப் பார்த்தார். அவராலேயே அடக்க முடியவில்லை. சாலோமி சிரிக்கவில்லை. கதவோரத்தைப் பார்த்தாள். ஜெமிமாவும் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஜெமிமா பத்தடி முன்னால் நடந்தாள். முருகன்குறிச்சி தாண்டியும் அந்தப் பத்தடி குறையவில்லை. இவ்வளவு பேர் முன்னால் மானத்தை இறக்கி வைத்தும் இந்த அழுத்தக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று சாலோமிக்கு மறுபடியும் எரிச்சல் மூண்டது. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் ஜெமிமா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"பசிக்கு."

சாலோமி சட்டியில் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை யோசித்தாள். அலமாரியிலிருந்து பொடி பாட்டிலை எடுத்து, பிள்ளை பார்க்கும்படி மேடையில் வைத்தாள்.

"ஏட்டி, இது அந்த முருங்கைப் பொடி. ஒரு ஸ்பூன் போடலாம்னு இருக்கேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, போட மாட்டேன்."

ஜெமிமா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"அர ஸ்பூன்."

"முக்கா?"

"அர."

"சரி, அர."

அளந்து போட்டதும் ஜெமிமாதான், கிண்டியதும் ஜெமிமாதான். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள். முகம் கோணியது. நாக்கை வெளியே நீட்டினாள்.

"ய்யே, என்ன கசப்பு! இத எவ திம்பா?"

நீதாம்ட்டி தின்ன. மூணு மாசம், ரெண்டு நேரமும், இத விடக் கூடுதலாப் போட்டத, ஒரு இழை விடாம, நல்லாருக்குன்னு வேற சொன்ன. பதில் முழுசாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அது எவ்வளவு நல்ல பதில் என்றும் சாலோமிக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தட்டை எடுத்து, சட்டியில் மிச்சம் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு வாய் தின்றாள்.

"கசக்கத்தான் செய்யுது," என்றாள்.

ஜெமிமா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த வாய் எடுத்தாள்.